மலை இருக்கும் பக்கம்

எங்கள் ஊரில் வழி கேட்டால் யாரும் இடது, வலது என்று சொல்ல மாட்டோம், ஐயா. மலையைப் பார்த்துப் போ, மலைக்கு முதுகைக் காட்டிப் போ என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மலை தெரியும். அது இடம் மாறாது. அதைவிட நம்பிக்கையான அடையாளம் எங்களுக்கு வேறு கிடையாது.

என் பெயர் சக்கரவர்த்தி. வீடு அடி அண்ணாமலையில். வேங்கிக்காலில் டைல்ஸ் கடை மாடியில் இருக்கும் அலுவலகத்தில் மாஸ்டர் டேட்டா பிரிவுக்கு நான் பொறுப்பாளன். ரயில் பாதையின் பதினோராம் சுரங்கத்தில் பாறை சரிந்து அப்பாசாமி மேஸ்திரியும் அவரோடு இருந்த இருவரும் இறந்தது பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நேற்று மேஸ்திரியின் பதிவைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "யோசிச்சு உங்க கைப்படவே எழுதிக் குடுங்க" என்று சொல்லித் தாள் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. எழுதுவது எனக்குப் பேசுவதைவிட எளிது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர், கடிதம் என்றால் முதலில் பின்னணியைச் சொல், பிறகு விஷயத்துக்கு வா என்பார். அந்த முறைப்படியே எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் வேலை. மேற்கே மலைமேல் ஏறுகிற ஒரு ரயில் பாதை. அதில் வரிசையாகச் சுரங்கங்கள். அவற்றைப் பராமரிக்கிற ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது; அந்த நிறுவனத்துக்குத் தகவல் வைத்திருப்பது நாங்கள். கரும்பைக் கணுக் கணுவாக நறுக்குவதுபோல ஒவ்வொரு சுரங்கத்தையும் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் இடது சுவர், வலது சுவர், கூரை. ஒவ்வொன்றும் எதனால் ஆனது, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பதிவு. இதைத்தான் மாஸ்டர் என்கிறோம்.

திட்டம் போடுவது மனிதர் இல்லை, கணினி. மாஸ்டரில் ஒரு சுவர் 'மோசம்' என்று இருந்தால் அங்கே பாறையைப் பிடித்து நிறுத்த இரும்புக் கம்பி இறக்க ஆள் அனுப்பும். 'சந்தேகம்' என்று இருந்தால், பக்கத்தில் எந்த வேலை நடந்தாலும் முதலில் அந்தச் சுவரைக் கடப்பாரையால் தட்டிப் பார், முட்டுக் கொடு, பிறகு வேலையைத் தொடங்கு என்று கட்டளை சேர்க்கும். 'நலம்' என்று இருந்தால் ஒன்றும் சொல்லாது. நலமாக இருக்கிற சுவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நான் எந்தச் சுரங்கத்துக்குள்ளும் போனதில்லை. அலுவலகத்தில் யாருமே போனதில்லை. கூப்பிட்டார்கள், நான்தான் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். சின்ன வயதிலிருந்தே மூடிய இடம் என்றால் எனக்குப் பயம். இந்தப் பயத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது முக்கியம். நான் பயந்தவன், கெட்டவன் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பில் ஒருநாள் 'லெஃப்ட் டர்ன்' என்றார்கள். எல்லாரும் ஒரு பக்கம் திரும்பினார்கள், நான் ஒருவன் மட்டும் அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றேன். பள்ளிக்கூடமே சிரித்தது. இடது வலது எனக்கு அப்போதும் சட்டென்று பிடிபடாது, இப்போதும் பிடிபடாது. அன்றைக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். குழப்பம் வந்தால் மனதுக்குள்ளேயே கிரிவலம் கிளம்பிவிடுவேன். கிரிவலத்தில் மலை எப்போதும் நம் வலது கைப் பக்கம். ஆகவே மலை இருக்கும் பக்கம் வலது. வண்டி ஓட்டும்போதும் இதுதான், சாப்பாட்டுக் கையைப் பார்க்க வெட்கமாக இருக்கிற இடங்களிலும் இதுதான். என்னை இது ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

மாஸ்டரை முதன்முதலில் உருவாக்கியபோது சுரங்கத்திலிருந்து வந்த பழைய குறிப்புகளில் இடது, வலது என்று இல்லை. மலைப்பக்கம், பள்ளப்பக்கம் என்றுதான் எழுதியிருந்தார்கள். மலைமேல் வேலை செய்கிறவர்களின் பேச்சு அது. கணினியோ இடதா, வலதா என்று கேட்டது. கிலோமீட்டர் எண் ஏறுகிற திசையைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான குறிப்புகள். ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. ஒரு விதி எழுதினால் கணினியே மாற்றிவிடும். அந்த விதியை நான் எழுதினேன். மலைப்பக்கம் என்றால் வலது, பள்ளப்பக்கம் என்றால் இடது.

யோசிக்கவே இல்லை, ஐயா. யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. எங்கள் ஊர்க்காரன் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

சோதித்துப் பார்க்க முதல் சில சுரங்கங்களை எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சென்னையிலிருந்து மேலாளர் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பிழையே இல்லாத மாஸ்டர் என்று பேசினார். அந்தப் பொன்னாடையை என் மனைவி அருணாதேவி இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருக்கிறாள்.

சில வருடங்கள் போயின. என் பிரிவில் சினேகா என்ற பெண் சேர்ந்தாள். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சுரங்கத்திலிருந்து மேஸ்திரிகள் அனுப்புகிற திருத்தக் கோரிக்கைகளைப் பார்ப்பது அவள் வேலை. இந்த ஐப்பசி மழையில் ஒருநாள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"சார், பதினொண்ணுல சுவரு அழுவுதாம் சார். அப்பாசாமி மேஸ்திரி மறுபடியும் எழுதியிருக்காரு. வலது சுவரு காஞ்சி கெடக்குது, அதுல கம்பி எறக்கச் சொல்றீங்க, இடது சுவருதான் அழுவுதுன்னு."

"சுவர் அழாது, சினேகா. கசியும்."

"எங்க வீட்டு பாத்ரூம் சுவரு தெனம் அழுவுது சார். அத எந்த மாஸ்டர்ல எழுதறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முந்தைய தடவை அவர் எழுதியதை 'மாஸ்டருடன் பொருந்தவில்லை' என்று நானே திருப்பி அனுப்பியிருந்தேன். வழக்கமான பதில்தான் அது. இரண்டாம் தடவையும் எழுதுகிறாரே என்று, பாதையின் வரைபடத்தைத் திறந்தேன்.

பாதை மலையைச் சுற்றி வரவில்லை, ஐயா. மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் லாடம் மாதிரி வளைந்து, வந்த வழிக்கு எதிராகத் திரும்பி, அதே சரிவில் மேலே ஏறுகிறது. வளைவு வரைக்கும் மலை வலது கைப் பக்கம். வளைவு தாண்டியதும் மலை இடது கைக்கு வந்துவிடுகிறது. சோதித்துப் பார்த்த சுரங்கங்கள் எல்லாம் வளைவுக்கு முன்னால் இருந்தவை. பின்னால் இருந்த அத்தனை சுரங்கத்திலும் மோசமான சுவர் நலம் என்றும், நலமான சுவர் மோசம் என்றும் பதிவாகியிருந்தது. பல வருடங்களாக நல்ல சுவரில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கெட்ட சுவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் என் காலர் நனைந்துவிட்டது. சினேகா, "சார், இன்னா சார் ஆச்சு, சுகர் ஏதாவது டவுனா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவளாகவே பதினோராம் சுரங்கத்தின் இடது சுவருக்கு 'சந்தேகம்' என்று குறி போட்டாள். போடட்டும் என்று விட்டேன். ஒரு சுவருக்குத்தானே.

திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். திருத்தப் பக்கத்தைத் திறந்தேன். அத்தனை சுரங்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சென்னையின் ஒப்புதல் வேண்டும். காரணம் எழுது என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதுவேன், எனக்கு இடது வலது தெரியாது என்றா? பள்ளிக்கூட மைதானத்தில் அத்தனை முகமும் என்னைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. பக்கத்தை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு என் பயம் என்னை விட்டு நகரவில்லை. ஃபோன் அடித்தால் எண்ணை இருமுறை பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். படியில் யாராவது ஏறுகிற சத்தம் கேட்டால் சென்னை மேலாளர்தான் என்று தோன்றும். சாப்பாடு இறங்கவில்லை. அருணாதேவி கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். யாருக்கும் தீங்கு செய்யாத மனிதனுக்கு இப்படி ஒரு பயம் வரக்கூடாது என்று நான் அப்போது பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போது அப்பாசாமி மேஸ்திரி. அவர் எங்கள் ஊர்க்காரர், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சொந்தம் இல்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெரிய மீசை, பெரிய குரல், எதையும் கிண்டலாகவே பேசுவார். மலையில் வேலை, மாதம் ஒருமுறை பௌர்ணமிக்கு ஊருக்கு வந்து கிரிவலம் போவார். ஐப்பசிப் பௌர்ணமி சாயங்காலம் எங்கள் ஊர் வழியாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. சுக்குக் காப்பிக் கடையில் நின்றிருந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாப்ள, கம்ப்யூட்டர் ராசா, நடந்துலாம் வர்ற. வண்டி இன்னா ஆச்சு?"

"இன்னிக்கி வண்டி வுட மாட்டாங்களே மாமா."

"அதான பாத்தேன். இல்லன்னா நீயாவது நடக்கிறதாவது." இரண்டு காப்பி சொன்னார். "டேய், உங்க ஆபீஸ்ல சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாத ஒருத்தன் கீறான்டா. கல்லு மாதிரி கீற சுவத்துல கம்பி எறக்கச் சொல்லி வருஷா வருஷம் அனுப்புறான். எதுத்தாப்ல ஒரு சுவரு அழுதுனே கீது. எழுதிப் போட்டா பொருந்தலன்னு திருப்பி அனுப்புறான், கம்மனாட்டி."

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"நீ கொஞ்சம் பாத்து சொல்லேன் மாப்ள. நீ சொன்னா கேப்பானுங்க."

"பாக்கறேன் மாமா."

"தீபம் முடிஞ்சி பெரிய இன்ஜினியர் வர்றாராம். அதுக்குள்ள நீ முடிச்சிட்டா தொல்ல வுட்டுது. இல்லன்னா நானே அவரு கையப் புடிச்சி இட்டுனு போயி அந்த சுவத்து மேல வெச்சிடுவேன். ஈரம் பொய் சொல்லுமா?"

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. அந்த ஆள் நான்தான் என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. காப்பிக்குக் காசைக்கூட அவர்தான் கொடுத்தார். மலையை வலது கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்து போனார். நான் அங்கேயே நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் ஈரத்தில் கை வைத்தால் ஏன் இப்படி என்று கேட்பார். ஏன் என்று தேடினால் விதிக்கு வருவார்கள். விதியில் என் பெயர் இருக்கிறது. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் அந்தச் சுவருக்கும் எனக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு மனிதர்தான்.

நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தேன். முதலில் சினேகாவைக் கூப்பிட்டேன். பதினொன்றில் இடது சுவர் மாஸ்டரின் பழைய பதிவில் நலம் என்றும் நீ போட்ட குறியில் சந்தேகம் என்றும் இருக்கிறது, ஒரே சுவருக்கு இரண்டு நிலை இருக்கக்கூடாது, குறியை எடுத்துவிடு என்றேன்.

"சார், அவரு ரெண்டு தடவ எழுதியிருக்காரே சார். எடுத்துட்டா முட்டு குடுக்கச் சொல்லாதே. எனக்கு பயமா இருக்கு சார்."

"பயப்பட என்ன இருக்கு? நான் இருக்கேன்ல."

எடுத்துவிட்டாள். அவள் பெயரில்தான் அது பதிவாகியிருக்கிறது. அதனால் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அவள் பெயர் பதியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நான் சொன்னதைத்தான் செய்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்தது வேலை. பதினொன்றின் வலது சுவரில் கம்பி இறக்கும் வேலை தை மாதத்துக்கு இருந்தது. அதன் அவசரத்தை ஒரு படி உயர்த்தினேன்; கணினி அதைத் தீபத்துக்கு முந்தின வாரத்துக்குக் கொண்டுவந்தது. மழை பெய்து பாறை ஊறிக் கிடக்கிற சமயம் அது என்பது எனக்குத் தெரியும். பாறையில் துளை போடும்போது எதிர்ச்சுவரும் அதிரும் என்பதும் தெரியும். அதற்காகத்தானே அந்தக் கடப்பாரைக் கட்டளையை வைத்திருக்கிறோம். அதை விளக்கிப் புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான்.

பிறகு ஆட்கள். எந்த வேலைக்கு எந்த மேஸ்திரி பொருத்தம் என்பதும் மாஸ்டரில் இருக்கிறது. பதினோராம் சுரங்கத்துக்கு அப்பாசாமி என்று போட்டேன். அந்தச் சுரங்கம் அவருக்கு அத்துப்படி, அதனால் அது பொய்யான தகவல் இல்லை.

விழும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, ஐயா. விழலாம் என்று மட்டும்தான் தெரியும். விழாவிட்டால் வேறு வழி யோசித்திருப்பேன். விழுந்தால் அது மழை. மலைமேல் மழையில் பாறை விழுவது புதிதா என்ன? அதைச் செய்வதற்கு நான் யார்?

ஒரு விஷயம் உங்கள் அறிக்கையில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த வேலைக்கு வழக்கமாக ஆறு பேர் போவார்கள். தேவையான ஆட்கள் என்ற கட்டத்தில் ஆறை அழித்து மூன்று என்று போட்டேன். மூன்று வீடுகளில் இன்றைக்குத் தகப்பன் இருக்கிறான் என்றால் அது என்னால்தான். இதைச் சொல்லிக்காட்டுவது முறையில்லை. ஆனால் வாக்குமூலம் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் அல்லவா?

முந்தின நாள் மதியம் மேஸ்திரி ஃபோன் செய்தார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"மாப்ள, மறுபடியும் பதினொண்ணுக்கே போட்டுக்கீறாங்கடா. அதே காஞ்ச சுவரு. அதுவும் மூணே பேரு. ஆளு கம்மியா அனுப்பிட்டு சீக்கிரம் முடின்றானுங்க."

"முட்டு குடுக்கச் சொல்லியிருக்கான்னு பாருங்க மாமா."

"இல்லியே."

"அப்ப இடது சுவரு நல்லாதான் இருக்கும்."

"நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன் மாமா."

"சரி. நீ பாத்துட்டன்னா சரி." குரல் உடனே லேசாகிவிட்டது. "இத முடிச்சிட்டு அப்டியே கௌம்பி வந்துடறேன். உங்க அத்தகிட்ட அடைக்கு மாவு அரைக்கச் சொல்லிட்டேன். தீபத்துக்கு மாடியில எனக்கு எடம் புடிச்சி வை. போன வருஷம் மாதிரி தண்ணி டேங்குக்குப் பின்னாடி நிக்க வெச்சிடாத."

வைக்கிறேன் என்றேன். வைத்தும் இருந்தேன். எங்கள் மாடியில் மலை உச்சி நன்றாகத் தெரிகிற மூலையில் ஒரு நாற்காலி.

மறுநாள் காலை நேரத்தில் விழுந்தது. ரயிலை நிறுத்திவிட்டு வேலை செய்கிற இடைவெளி அது. அதனால் வண்டி எதுவும் சிக்கவில்லை. அதுவும் நான் கவனித்துப் பார்த்த விஷயம்தான். செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது சினேகா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எந்த சுவரு சார்? எந்த சுவரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

பாறையை அகற்றி மேஸ்திரியின் உடலை எடுத்து, ஊருக்குக் கொண்டுவரும்போது தீப நாள் வந்துவிட்டது. அன்றைக்கு ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸைப் புறவழிச் சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம். முன்பக்கம் ஒரு கம்பை நான் பிடித்திருந்தேன். எதிரே கிரிவலக் கூட்டம். அரோகரா, அரோகரா என்று குரல். கூட்டம் போகிற திசைக்கு எதிராக நாங்கள் நடந்ததால் மலை என் இடது கைப் பக்கம் இருந்தது. அதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நான் கால்நடையாக நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. மேலே வந்து விழுந்துவிடும்போல இருந்தது. யாரோ, "சக்கரவர்த்தி, தோள் மாத்தட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

அவர் மனைவி ராணியம்மாள் அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ்தானேப்பா. சுவரு செரியில்ல, செரியில்லன்னு சொல்லினே இருந்தாரே. மறுபடியும் ஏம்ப்பா அங்கியே அனுப்புனாங்க?"

"திட்டத்துல அப்படி இருந்துச்சு அத்தை."

"யாரு போட்ட திட்டம்?"

"கம்ப்யூட்டர் அத்தை."

சட்டையை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். தெருவே கை கூப்பி நின்றது. எங்கள் மாடியில் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அருணாதேவி அதன் மேல் ஒரு அகல் விளக்கை வைத்திருந்தாள்.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். பயப்பட இனி காரணம் இல்லையே. பெரிய இன்ஜினியர் வந்தார், இடிந்த சுவரைப் பார்த்தார், மழை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் என் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் ஓர் அறைக்குள் நுழைய முடிவதில்லை. "இன்னாங்க, எப்பப் பாரு சுவத்தத் தடவினு இருக்கீங்க" என்கிறாள் அருணாதேவி. ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். "மழ நின்னு எத்தினி நாளாச்சு" என்றாள். அவள் என்னைப் பார்க்கிற பார்வையும் இப்போது பயமாகத்தான் இருக்கிறது. அலுவலகத்துக்கு மலையோரமாகத்தான் போக வேண்டும். ஹெல்மெட்டைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போகிறேன்.

வளைவுக்கு அப்பால் மற்ற சுரங்கங்கள் எல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, ஐயா. எது நலமோ அது மோசம், எது மோசமோ அது நலம். அவற்றை நீங்கள் திருத்தச் சொல்லலாம். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். வார்த்தை மரியாதையாக இருக்கட்டும்.

இப்போது உங்கள் கேள்வி.

வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் பெயரை மாஸ்டரில் 'செயலில் இல்லை' என்று மாற்றிவிடுவோம். அப்போதுதான் கணினி அவர்களை அடுத்த வேலைக்கு அழைக்காது. அப்பாசாமி மேஸ்திரியின் பதிவு அப்படி மாற்றப்பட்டிருக்கிறது. காரணம், இறப்பு. மாற்றியவர், சக்கரவர்த்தி. ஆனால் தேதி, பாறை விழுவதற்கு முந்தின நாள். அன்றைக்கு அந்த மனிதர் உயிரோடு இருந்தாரே, எப்படி என்று கேட்டீர்கள்.

அவர் ஃபோனை வைத்த பிறகு செய்தேன். மறுநாள் திட்டம் ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை. காரணக் கட்டத்தை நான் என்றைக்குமே காலியாக விட்டதில்லை. பழக்கத்தில் அதையும் நிரப்பிவிட்டேன். தேதி பிழை இல்லை, கணினிக் கோளாறும் இல்லை. சினேகாவுக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்ட மனிதர், ஐயா. அவர் இறந்த செய்தி வந்த பிறகு அவர் பெயரை எடுக்க எனக்கு மனசு வராது என்று தெரியும். அதனால்தான் முந்தின நாளே எடுத்து வைத்தேன்.